ஓவியத்தில் முதுகு தெரியவில்லை: 1560-களின் ஆன்ட்வெர்ப் சந்தைப் பெண் உடையை எப்படிப் புரிந்துகொள்வது?

மேடைத்தையல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாடகத்துக்கு உடை தைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். கதை 1560-களில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகரத்தில் நடக்கிறது. அரசி, சீமாட்டி யாரும் இல்லை. காய்கறி விற்கும் பெண்கள் மூன்று பேர், மீன் விற்கும் ஒருத்தி, ஒரு சமையல்காரி. மொத்தம் ஐந்து உடைகள்.

ஜோவாகிம் பியூக்கலார் வரைந்த சந்தை ஓவியங்களைப் பார்த்தேன். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் நிலம், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கு பெரிய படங்களும் அதில் உண்டு. அவர் உறவினர் பீட்டர் ஏர்ட்சனின் சமையல்காரிப் படங்களையும் பார்த்தேன். அவ்வளவு தெளிவாக வரைந்திருக்கிறார்கள், முட்டைக்கோஸ் இலையின் நரம்பைக்கூட எண்ணலாம். ஆனால் உடை தைக்க உட்கார்ந்தால் ஒன்றும் புரியவில்லை.

மேல்பகுதி முன்புறம் நாடாவால் கட்டப்பட்டிருக்கிறது. சரி. பாவாடை அதோடு சேர்த்துத் தைத்ததா, தனியா? ஏப்ரன் மறைத்துவிடுகிறது. உடையின் கை வேறு நிறத்தில் இருக்கிறது. அது தைத்ததா, மாட்டியதா? முதுகில் திறப்பு உண்டா? எல்லாப் பெண்களும் நம்மைப் பார்த்தே நிற்கிறார்கள்!

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்களில் ஆளுக்கொரு விதம். ஒன்றில் ஷூ லேஸ் போலக் குறுக்கும் நெடுக்குமாக நாடா, அது நுழையும் துளைகளுக்கு உலோக வளையம் (ஐலெட்). இன்னொன்றில் சட்டைக்கு வெளியே இடுப்பை இறுக்கும் ஒரு கார்செட். எதை நம்புவது? நடிகைகள் கூடை தூக்க வேண்டும், குனிய வேண்டும், ஒரு காட்சியில் ஆட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

கத்தரிப்பிடி எழுதியது:

மேடைக்குத்தானே, இவ்வளவு கவலை வேண்டாம் என்பது என் கருத்து. ஆகுஸ்த் ரசினே தொகுத்த பழைய வண்ண உடைப் படங்கள் இருக்கின்றன. ஐரோப்பா முழுக்க நூற்றாண்டு வாரியாக உடைகளைத் தெளிவாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதுகில் ஜிப் வைத்து, முன்னால் அலங்காரத்துக்கு நாடா தைத்துவிடுங்கள். பத்தாவது வரிசைக்கு அப்பால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உடை மாற்றவும் நேரம் மிச்சம்.

---

ஊசிமுனை எழுதியது:

மேடைத்தையல், உங்கள் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சி. ஊர், ஆண்டு, ஆள் மூன்றையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். "பழைய ஐரோப்பிய உடை" என்று கேட்பவருக்கு உதவவே முடியாது. "1560-கள், ஆன்ட்வெர்ப், காய்கறிக்காரி" என்றால் தேட ஒரு இடம் கிடைத்துவிடுகிறது.

கத்தரிப்பிடி சொன்ன படங்களிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் விழுந்த குழி அது. ரசினேயின் தொகுப்பு 1876-லிருந்து 1888 வரை வெளிவந்தது. உங்கள் காய்கறிக்காரிக்கு முந்நூறு ஆண்டு பிந்தியது. பார்க்க அழகானது, ஆனால் அது மறுவரைபடம். மறுபடி வரைகிறவருக்கு ஒரு மடிப்பு புரியவில்லை என்றால், தன் காலத்துத் தையலை வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடுவார்.

நான் தைத்த முதல் சரித்திர உடை அப்படி ஒரு மறுவரைபடத்தைப் பார்த்துத் தைத்ததுதான். மார்புக்குக் கீழே வளைவாக இரண்டு கோடுகள் இருந்தன. டார்ட் (துணியை உடம்புக்கு ஏற்ப ஒடுக்கும் மடிப்புத் தையல்) என்று நினைத்து டார்ட் பிடித்தேன். உடை உடம்பில் உட்காரவே இல்லை, மூன்று முறை பிரித்துத் தைத்தேன். அப்புறம் மூல ஓவியத்தைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த இடத்தில் இருந்தது வெறும் நிழல். கை உடம்பின்மேல் போட்ட நிழல். நிழலைத் தைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து இன்றுவரை மறுவரைபடத்தை வைத்து ஒரு வெட்டுக்கூட வெட்டியதில்லை.

சரி, மூல ஓவியத்தையாவது அப்படியே நம்பலாமா? அதற்கும் வழக்கில் சாட்சியை விசாரிப்பது போல விசாரணை வேண்டும்.

பியூக்கலார் ஏர்ட்சனிடம் தொழில் கற்றவர். ஒரு படத்துக்கு வரைந்த உருவத்தை அடுத்த படத்திலும் பயன்படுத்துவது அவர் பட்டறை வழக்கம். ஆகவே ஐந்து படத்தில் ஒரே மாதிரி கை இருக்கிறது என்றால் ஐந்து சாட்சி கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள். ஒரே சாட்சி ஐந்து முறை பேசியிருக்கலாம். இன்னொன்று, இந்தப் படங்களின் பின்னணியில் பைபிள் காட்சி ஒளிந்திருக்கும். "நெருப்பு" படத்தில் மார்த்தா, மரியாள் வீட்டில் இயேசு இருக்கிறார். பின்னால் தெரியும் அந்த ஆட்களின் உடை "அந்தக் காலம்" என்று ஓவியர் கற்பனை செய்தது. முன்னால் கோழியும் இறைச்சியுமாக நிற்கும் பெண்களிடம் மட்டும் பாடம் கேளுங்கள்.

வேறு சாட்சி வேண்டுமா? பீட்டர் புரூகல் இருக்கிறார். ஆன்ட்வெர்ப்பில் இருந்து 1563-இல் பிரஸ்ஸல்ஸ் போன ஓவியர். அதே பத்தாண்டு, ஆனால் வேறு பட்டறை, வேறு கண். உங்கள் முதுகுப் பிரச்சினைக்கும் அவர்தான் மருந்து. டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் 1566-ஐச் சேர்ந்த திருமண நடனம் ஓவியம் இருக்கிறது. அதில் ஆடுகிறவர்கள் நமக்கு முதுகு காட்டுகிறார்கள். போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இனி உடைகளே. காய்கறிக்காரியின் உடை மிஞ்சாது. கிழியும்வரை உடுத்துவார்கள், அப்புறம் குழந்தைக்கு வெட்டுவார்கள், கடைசியில் கந்தல். மிஞ்சியவை பெரும்பாலும் பெரிய இடத்து உடைகள், அவற்றிலும் பல கல்லறையிலிருந்து. ஆனாலும் அவற்றை விடக் கூடாது, உள்பக்கத்தைக் காட்டுவது அவை மட்டும்தான்.

இரண்டைச் சொல்கிறேன். ஸ்வீடனில் 1567 மே மாதம் உப்சாலா கோட்டையில் பதினான்காம் எரிக் மன்னர் காலத்தில் ஸ்வாந்தே ஸ்தூரே என்ற பிரபுவும் அவர் மகன்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். அன்று அவர்கள் போட்டிருந்த உடைகளை ஸ்வாந்தேயின் மனைவி பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். இன்று உப்சாலா தேவாலயத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாள் தேதியோடு தெரிந்த 1560-களின் உடை இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆண் உடைதான். ஆனால் ஒரு தாய் எடுத்து வைத்த துணி என்று நினைத்துவிட்டால், வெறும் தையல் ஆதாரமாக அதைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

மற்றது ஃப்ளாரன்ஸ். அந்த ஊர்க் கோமகள் எலியனோரா டி டொலேடோ 1562-இல் இறந்தார். ஓவியர் புரோன்சினோ 1545 வாக்கில் அவரையும் மகனையும் வரைந்த படத்தில் ஒரு பிரமாண்டமான பூவேலை உடை வரும். அதை உடுத்தித்தான் அவரைப் புதைத்தார்கள் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். கல்லறைத் துணிகளைப் பிரித்து ஆராய்ந்தால் வேறு உடை! பட்டு சாட்டினில், வெல்வெட் பட்டை வைத்தது, படத்தில் இருப்பதைவிட எளியது. உள்ளே முன்புறம் ஹூக் வைத்த சிவப்பு வெல்வெட் பாடிஸ் (உடம்பை ஒட்டிய மேலுடை) ஒன்றும் இருந்தது. எனக்கு இது பெரிய பாடம். ஓவியம் ஒரு பெண் எப்படித் தெரிய விரும்பினாள் என்று சொன்னது. உள்ளே என்ன தாங்கியது என்பதைத் துணி சொன்னது.

வெட்டும் முறைக்கு ஹுவான் டி அல்செகா 1580-இல் மட்ரிட்டில் அச்சிட்ட தையல் நூல் இருக்கிறது. துணியின் அகலத்துக்குள் எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று படம் போட்டிருக்கிறார். ஸ்பெயின் உடைகள், அதனால் அப்படியே எடுக்கக் கூடாது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: பாவாடை ஓரத்தில் துணி போதாத இடத்தில் முக்கோணத் துண்டு ஒட்டியிருப்பார். பணக்காரர் உடையிலேயே ஒட்டு! கூலியைவிடத் துணி விலை அதிகமான காலம். உங்களுக்குத் துணி போதவில்லை என்றால் தைரியமாக ஒட்டுங்கள், அது அந்தக் காலத்துக்கு நியாயம்.

இவ்வளவையும் சேர்க்கும்போது நான் செய்வது ஒரே காரியம். உடையை முன்னும் பின்னுமாகக் காகிதத்தில் வரைவேன். கண்ணால் பார்த்த கோடு கறுப்பு பென்சில். ஊகித்த கோடு சிவப்பு. முதல் நாள் உங்கள் முதுகுப் படம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். பரவாயில்லை. எது சிவப்பு என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும். ஒரு பென்சிலிலேயே எல்லாவற்றையும் வரைந்தால், ஒரு வாரத்தில் ஊகமும் உண்மையும் கலந்துவிடும்.

உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள், சிவப்பு எது என்று சொல்லியே தருகிறேன்.

நாடா: முன்புறம் கட்டுவது கறுப்பு. இந்தப் படங்களில் நான் கண்டவரை ஒரே நாடா ஏணிப்படி போலவோ சரிவாகவோ ஏறுகிறது, ஷூ லேஸ் போல இரண்டு முனையும் மாறி மாறி வருவது இல்லை. நாடா நுழையும் துளைகளை ஊசியால் நூல் சுற்றித் தையுங்கள். துணியில் அடித்து இறுக்கும் உலோக ஐலெட் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நேரம் இல்லை என்றால் உலோகம் அடித்து அதன்மேல் நூல் சுற்றிவிடுங்கள்.

வெளியே கார்செட்: வேண்டவே வேண்டாம். விறைப்புக் குச்சி வைத்த பாடிஸில் தேதியோடு நமக்கு மிஞ்சியவற்றில் பழையது மியூனிக்கில் இருக்கும் டோரொத்தேயா சபீனாவுடையது. அவர் இறந்தது 1598, அதுவும் பிரபுக் குடும்பம், அதுவும் உடைக்கு உள்ளே. ஓவியத்தில் உங்கள் காய்கறிக்காரியின் இடுப்பைப் பாருங்கள். கிடையாகச் சுருக்கம் விழுந்திருந்தால் உள்ளே குச்சி இல்லை. குச்சி இருந்தால் துணி அப்படி மடங்காது.

பாவாடை: சேர்த்தே தைக்கச் சொல்வேன். இது சிவப்பு. ஏப்ரனுக்குப் பின்னால் நடப்பதை யாரும் வரையவில்லை.

கை: மேல்கையில் விளிம்பு தெரிகிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாட்டிய கை என்பது என் முடிவு. வெயிலிலும் வேலையிலும் கழற்றி வைக்க வசதி, அழுக்காவதும் முதலில் கைதான்.

ஜிப் பற்றி: அவசர மாற்றம் ஒரு காட்சியில் இருந்தால் அந்த ஒரு உடைக்கு மறைவாக ஹூக் வையுங்கள். ஆனால் முன்னால் கட்டுகிற உடையை அவளாலேயே உடுத்த முடியும். உதவிக்கு ஆள் இல்லாத பெண்ணின் உடை அது. முதுகில் ஜிப் வைத்தால் நடிகைக்கு அது தெரியும், நடையில் வந்துவிடும். பத்தாவது வரிசைக்கு அது தெரியும்.

---

அச்சுமை எழுதியது:

ஊசிமுனை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மரச்செதுக்கு அச்சு செய்கிறவன். பழைய உடைகளைப் பார்க்க அச்சுப் படங்களையும் எடுப்பீர்கள் அல்லவா, வெனிஸில் 1590-இல் செசாரே வெசெல்லியோ வெளியிட்ட உடை நூல் மாதிரி? அச்சில் படம் இடவலம் மாறும். செதுக்குபவர் முன்னால் இருக்கும் ஓவியத்தை அப்படியே பலகையில் செதுக்கினால், தாளில் விழுவது கண்ணாடிப் பிம்பம். எல்லோரும் திருப்பிச் செதுக்கிச் சரிசெய்யவில்லை. எந்தப் பக்கம் எதன்மேல் மடிகிறது, பணப்பை எந்த இடுப்பில் தொங்குகிறது என்பதையெல்லாம் அச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் எல்லோரும் இடது கையால் எழுதினாலோ வெட்டினாலோ சந்தேகப்படுங்கள். அந்த உடை நூல்களில் தூர தேச உடைகள் பல, வேறு நூலைப் பார்த்து வரைந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

கஞ்சி பற்றி: சமையல்காரியின் வெள்ளைத் தலைத்துணி ஓவியத்தில் அப்படி மடிப்புக் கலையாமல் நிற்கிறதே என்று யோசிப்பீர்கள். இந்தப் பகுதிப் பெண்கள் அதில் கெட்டிக்காரர்கள். 1564-இல் ஃப்ளாண்டர்ஸிலிருந்து லண்டன் போன டிங்கன் வான் டென் பிளாசே என்ற பெண், துணிக்குக் கஞ்சி போடுவதை அங்கே பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார். அதனால் லினனை நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்த கோடு தெரியத் தேய்த்துக் கொடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு பல ஓவியங்களில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

---

மேடைத்தையல் எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. சிவப்பு, கறுப்பு பென்சில் வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னது போலவே முதுகு முழுக்கச் சிவப்பு.

இரண்டு சந்தேகம். நிறத்தை ஓவியத்திலிருந்து அப்படியே எடுக்கலாமா? நான் பார்த்த ஒரு படத்தில் பாவாடை சாம்பல் கலந்த பழுப்பு, எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம், மாதிரித் தையல் தைத்துப் போட்டுப் பார்த்தோம். கையைத் தூக்கினால் மேல்பகுதி முழுவதும் கூடவே மேலே ஏறுகிறது. ஆர்ம்ஹோலை (கை பொருத்தும் துளையை) இன்னும் பெரிதாக வெட்டட்டுமா?

---

ஊசிமுனை எழுதியது:

வெட்டாதீர்கள்! கத்தரியைக் கீழே வையுங்கள், பெரிதாக்கினால் இன்னும் மோசமாகும்.

ஆர்ம்ஹோலின் அடி அக்குளிலிருந்து இறங்க இறங்க, கை தூக்கும்போது அது இழுக்கும் துணி கூடுகிறது. இடுப்பு வரை இழுபடும். அடியை மேலே ஏற்றுங்கள், அக்குளை ஒட்டி வரட்டும். முதலில் போட்டதும் நடிகை "இறுக்கமாக இருக்கிறது" என்பாள். கையைத் தூக்கச் சொல்லுங்கள். தோள் மட்டும் அசையும், இடுப்பு அசையாது. இன்றைய சட்டைக்குப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத விஷயம். நானும் தைத்துப் பார்த்த பிறகே நம்பினேன். முக்கோணத் துண்டு ஒன்றை வெட்டி அக்குள் இடத்தில் ஒட்டி, அதே மாதிரியிலேயே சோதித்துப் பாருங்கள். கை தனியாக மாட்டுவது என்றால் அக்குளில் திறந்தே விடலாம், உள்ளே இருக்கும் லினன் தெரிந்தால் தெரியட்டும். சோதனையைக் கண்ணாடி முன்னால் நின்று செய்யாதீர்கள். கூடையில் கனமாக எதையாவது போட்டு, தரையிலிருந்து தூக்கித் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லுங்கள்.

இனி நிறம். அந்தச் சாம்பல் பாவாடையில் கொஞ்சம் நில்லுங்கள். ஸ்மால்ட் என்று ஒரு நீல நிறமி உண்டு, கோபால்ட் கலந்த கண்ணாடியைப் பொடி செய்தது. விலை குறைவு என்பதால் அந்தக் காலத்தில் நிறையப் பயன்பட்டது. எண்ணெயில் கலந்தால் காலப்போக்கில் நீலம் போய்ச் சாம்பலோ பழுப்போ ஆகிவிடும். செம்பிலிருந்து எடுத்த பச்சையும் பழுப்பாகும். மெல்லிய சிவப்புச் சாயம் வெளுத்துக் காணாமலே போகும். நான் ஒருமுறை ஓவியத்தைப் பார்த்து ஒரு முழு உடையைச் சாம்பல் கம்பளியில் தைத்தேன். "எவ்வளவு அடக்கமான நிறம்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு அந்தப் படத்தைப் பற்றிய ஆய்வுக் குறிப்பைப் படித்தேன். அவள் நீலப் பாவாடையில் நின்றிருக்கிறாள்.

அதனால் நிறத்தைச் சாயத்தொட்டியிலிருந்து யோசியுங்கள். மேடர் வேர் செங்கல் சிவப்பிலிருந்து ஆரஞ்சு வரை தரும், நம் மஞ்சிட்டிக்கு உறவு. வோட் இலை அவுரி தரும் அதே நீலம். வெல்ட் என்ற செடி நல்ல மஞ்சள். மஞ்சளை நீலத்தில் முக்கினால் பச்சை. ஆட்டின் இயற்கை நிறமான பழுப்பும் சாம்பலும் உண்டு. ஆழ்ந்த கறுப்பு செலவு பிடித்தது, அதைக் காய்கறிக்காரிக்கு உடல் முழுக்கக் கொடுக்காதீர்கள். கடையில் துணி எடுக்கும்போது இந்தத் தொட்டியில் முக்கினால் இந்த நிறம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பெண்களையும் பழுப்பில் முக்கிவிடாதீர்கள். ஏழை என்றால் மங்கல் என்பது நம் காலத்துப் பழக்கம், புரூகலின் குடியானவர்கள் சிவப்பு உடுத்தி ஆடுகிறார்கள்.

துணி கம்பளி, நன்றாக அடித்து இறுக்கியது. விளிம்பு பிரியாது, பாவாடை மடிப்பு கனமாக விழும். அடியில் லினன் ஷிஃப்ட் (உள்ளங்கி) ஆளுக்குக் குறைந்தது இரண்டு தையுங்கள். வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், அதைத்தான் துவைப்பீர்கள், கம்பளியை அல்ல.

---

கத்தரிப்பிடி எழுதியது:

நிழலைத் தைத்த கதையைப் படித்ததும் என் பழைய உடைகளின் படங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டில் அதே வளைவு டார்ட் இருக்கிறது. மூல ஓவியம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஜிப் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், மேடைத்தையல்.

---

மேடைத்தையல் எழுதியது:

திருமண நடனத்தைப் பெரிதாக்கி ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு காட்டி ஆடும் பெண்களில் நான் பார்த்தவரை ஒருத்திக்கும் பின்னால் திறப்பு இல்லை, நாடாவும் இல்லை. முதுகு சமமாகத் தோளுக்குப் போகிறது. கீழே பாவாடை மடிப்புகள் பின்பக்கம் திரண்டு கனமாக விழுகின்றன.

ஆர்ம்ஹோலை மூன்று விரல் அளவு மேலே ஏற்றி ஒட்டினோம். மீன்காரியாக நடிப்பவள் தண்ணீர் வாளியைத் தூக்கிப் பார்த்தாள், இடுப்பு அசையவில்லை. அவளே திரும்பத் திரும்பத் தூக்கிக் காட்டினாள்.

முதுகின் நடுக்கோட்டைக் கறுப்பில் மாற்றி வரைந்துவிட்டேன். இடுப்புக் கோடும் ஏப்ரனுக்குப் பின்னால் இருப்பதும் இன்னும் சிவப்புதான். நாளை கம்பளி வெட்டுகிறேன்.